இடது பக்கம் இழுக்கும் வண்டி

"திரு. வெ. ஆதிநாராயணன், கணித ஆசிரியர். அப்பழுக்கற்ற பணி. எளியவர் வீட்டுப் பிள்ளைகளிடம் தனிப்பரிவு உடையவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். வீண் பொழுதுபோக்கு எதிலும் நாட்டமற்றவர்."

சித்தூரில் நல்லாசிரியர் விருது கொடுத்த மேடையில் இதைத் தெலுங்கில் வாசித்தார்கள். எழுதியவர் அவருடைய தலைமையாசிரியர். போன வருஷம் டிரில் மாஸ்டருக்கு எழுதியதையே பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார், ஆகையால் அவர் மேல் குற்றமில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆதிநாராயணனுக்குத்தான் முதுகு வேர்த்தது. பரிவு, பிறர் பொருள், பொழுதுபோக்கு மூன்றுமே பொய். மூன்றையும் ஒரே இடத்தில் பொய்யாக்குகிற சாமான் ஒன்று விஜயபுரம் மண்டலத்தில், அவர் வீட்டில் கிடந்தது. ரிமோட்டில் ஓடும் ஒரு மான்ஸ்டர் டிரக்.

அது வந்த கதை இப்படி.

கங்கையா என்பவருக்கு அந்த ஊரில் ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. ஆதிநாராயணனின் சித்தப்பா கழனியில் வரப்போரம் அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர், டிரைவிங் கற்றுக்கொண்டு குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டினார். அந்த வீட்டுப் பையன் ஓட்டி அலுத்துப்போய்க் காரேஜில் போட்டிருந்த டிரக்கைக் கேட்டு வாங்கி, லீவில் வந்தபோது மகளுக்குக் கொடுத்தார். மகள் பெயர் தரணி. "பொம்பளப் புள்ளைக்கு வண்டியா" என்று ஊர் சிரித்தது. கங்கையா கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல் வெள்ளை பெயிண்டால் 'தரணி' என்று எழுதிவிட்டு விமானம் ஏறினார்.

ஜப்பானில் செய்த வண்டி. உடம்புக்குப் பொருந்தாத பெரிய சக்கரங்கள். கல் வந்தாலும் வரப்பு வந்தாலும் ஏறி இறங்கும். ரிமோட்டில் இரண்டு குச்சி: ஒன்று ஓட, ஒன்று திரும்ப. இதை ஆறாம் வகுப்புத் தரணி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தாள். மணி அடிப்பதற்கு முன் விளையாட்டு மைதானத்தில் ஓட்டினாள். மணி அடித்த பிறகும் ஓட்டினாள். அதுதான் தப்பு.

"இன்னாம்மா இது?" என்று வகுப்பில் அவள் கையிலிருந்து அதை வாங்கினார் ஆதிநாராயணன்.

"வண்டி சார். எங்க நைனா குடுத்தாரு."

"அப்ப உங்க நைனாவே வந்து வாங்கிக்கினு போவட்டும்."

"நைனா குவைத்துல கீறாரு சார்."

"வரட்டும். நான் எங்கியும் போயிட மாட்டேன்."

வகுப்பு சிரித்தது. ஆதிநாராயணனுக்கு அப்போது தன் வாய்ச்சாலகம் பிடித்திருந்தது. ஆனால் அதே வருஷம் கிராமத் தலைவரின் பேரனிடமிருந்து பிடுங்கிய வீடியோ கேமை அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, காபியும் குடித்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்குப் போகும் வழி அவருக்குத் தெரியும். கங்கையாவின் வீட்டுக்குப் போகும் வழியும் தெரியும். போனதில்லை, அவ்வளவுதான்.

வண்டி ஆசிரியர் அறைப் பீரோவுக்குள் போனபோது தரணி அழவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னாள்: "சார், அது எடது பக்கம் இழுக்கும் சார். வலது பக்கம் கொஞ்சம் புடிச்சிக்கினே ஓட்டணும்."

வாத்தியார் இதை ஓட்டப்போகிறார் என்று நினைத்தாளே, என்ன வாய்க்கொழுப்பு என்று அவருக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஓட்டிப் பார்த்தார்.

காரணம் நியாயமானதுதான். நாளைக்கு யாராவது வந்து, உங்கள் பொறுப்பில் இருந்தபோது கெட்டுப்போச்சு என்று சொல்லக்கூடாது பாருங்கள். குச்சியைத் தள்ளியதும் வண்டி இடது பக்கம் பாய்ந்து பீரோவில் மோதியது. மறுமுறை வலது பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். ஆசிரியர் அறையை விட்டு வராந்தாவுக்கு வந்தது. வராந்தாவின் படிகளில் தானே இறங்கியது. இருட்டிய பிறகுதான் அவருக்குத் தான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

அடுத்த வாரம் அது பையில் வீட்டுக்கு வந்தது. பீரோவுக்குப் பூட்டுச் சரியில்லை என்பது காரணம். மனைவி அம்சவேணி கேட்டதற்கு, "ஸ்கூல் சாமான், சைன்ஸுக்கு" என்றார். கணக்கு வாத்தியார் வீட்டில் சயின்ஸ் சாமானுக்கு என்ன வேலை என்று அம்சவேணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பின்னாளில் அவர் நினைத்துக்கொண்டதுண்டு. தப்பைத் தடுக்காத மனைவியின் மேல் பழியைப் போடுவது சுகமான வேலை.

பிள்ளையில்லாத மனுஷனுடைய ஏக்கம் என்று யாரும் இதற்கு விளக்கம் தேடவேண்டாம். கிஷோர் என்று ஒரு மகன் வீட்டிலேயே இருந்தான். அவன் ஒருமுறை வண்டியைத் தொட்டபோது கையில் அடி விழுந்தது. "அடுத்தவங்க பொருள்டா, தொடக்கூடாது" என்று அவனுக்கு நீதி சொன்னார். சொன்னபோது அதை முழு மனசோடுதான் சொன்னார்.

கொஞ்ச மாதத்தில் குவைத் பணம் தன் வேலையைக் காட்டியது. தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டாம், திருப்பதியில் இங்கிலீஷ் கான்வென்ட்டில் சேர்க்கலாம் என்று கங்கையா சொல்லி அனுப்ப, அவர் மனைவி ரத்னம்மா மகளைக் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தாள். வண்டி வாத்தியாரிடம் இருப்பது ரத்னம்மாவுக்குத் தெரியாது. தரணி வீட்டில் சொல்லவேயில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று அந்தப் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் பீரோவில் வண்டி இல்லை. அவர் வீட்டில், சக்கரம் நான்கும் கழன்று கிடந்தன, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் பல்சக்கரங்கள் ஊறிக்கொண்டிருந்தன. முதல்நாள்தான் பிரித்திருந்தார்.

"நல்லா படிம்மா" என்றார்.

"சரி சார்" என்றாள் தரணி. இன்னும் ஒருமுறை பீரோவைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எப்படியும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அன்று இரவே முடிவெடுத்தார். அந்த முடிவில் அவருக்கு எந்தக் குறையும் சொல்லமுடியாது. வண்டியைத் துடைத்துப் பூட்டி, ரெக்ஸின் பையில் வைத்து, ரத்னம்மா குடியிருக்கும் தெருவையும் விசாரித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திருப்பதிக்கு பஸ் ஏறினார். பஸ்ஸில்தான் நினைவு வந்தது, பேட்டரி செத்துப்போயிருந்தது. அவர்தான் ஓட்டி ஓட்டிச் சாகடித்திருந்தார். ஓடாத வண்டியைக் குழந்தை கையில் கொடுப்பது மரியாதையா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எமர்ஜென்சி விளக்கு ரிப்பேர் செய்கிறவனிடம் காட்டினார். ஜப்பான் பேட்டரி கிடைக்காது என்று அவன் விளக்கு பேட்டரி ஒன்றையே வண்டிக்குள் படுக்கவைத்து ஒயர் கொடுத்தான். கடை வாசலில் ஓட்டிப் பார்த்தார்கள். மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பமே நின்று பார்த்தது. வண்டி முன்னைவிட வேகம். ஆனால் பேட்டரி கனத்தில் ஸ்பிரிங் நான்கும் உட்கார்ந்துவிட்டன, வயிறு தரையில் உரசியது. இப்படி அரைகுறையாகக் கொடுப்பதற்கு ஸ்பிரிங்கையும் மாற்றியே கொடுத்துவிடலாம் என்று பட்டது. ரத்னம்மாவின் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் திருப்பதிக்கு எத்தனையோ தடவை போனார், எல்லாம் வண்டிக்குச் சாமான் வாங்கத்தான்.

தேசம் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. புதிதாக என்ன வந்தாலும், அதில் கெட்டுப்போனது கொஞ்ச நாளில் ஆதிநாராயணன் கைக்கு வந்தது. மொபெட் வந்தது, பழைய மொபெட்டின் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை நிமிர்த்தினார். ஊர் முழுக்க மிக்ஸி வந்தது, மிக்ஸியின் கார்பன் கட்டையை அரத்தால் ராவி மோட்டாருக்குப் போட்டார். ஒயரில்லாத டெலிபோன் வந்தது, அதன் பேட்டரிகளைக் கோத்து விளக்கு பேட்டரியைக் கழற்றினார், வண்டி இளைத்தது. டயர் தேய்ந்தபோது பலமனேர் ரோட்டு பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் டியூபை நறுக்கி ஒட்டிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் வற்றிய ஏரிக்குள் ஓட்டுவார். கேட்டவர்களுக்கு, சர்க்கரை வியாதிக்கு நடக்கப்போகிறேன் என்றார். அவர் வண்டி ஓட்டுவது ஊருக்குத் தெரியும். வாத்தியார் ஏதோ சயின்ஸ் செய்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

ஏரிக்கரைப் பாறையில் விழுந்து கறுப்பு மூடி பிளந்தது ஒருநாள். 'தர' ஒரு துண்டிலும் 'ணி' ஒரு துண்டிலுமாக. சித்தூரில் டிங்கர் வேலை செய்கிறவனிடம் எண்ணெய் டின் தகட்டில் புதிதாக ஒரு மூடி அடித்து, நீலமும் மஞ்சளும் அடித்துக்கொண்டு வந்தார். பழைய துண்டுகளை வைத்திருக்கலாம். வெந்நீர் அடுப்பில் போட்டார்.

"இன்னாங்க நாத்தம்?" என்று உள்ளேயிருந்து அம்சவேணி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல, பிளாஸ்டிக்."

அவ்வளவு மாற்றியும் ஒன்று மட்டும் மாறவில்லை. வண்டி இடது பக்கம் இழுத்தது. அதைச் சரிசெய்ய ரிமோட்டில் இருக்கவேண்டிய குட்டிப் பிடி குவைத்திலேயே ஒடிந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார், அச்சை மாற்றிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அவர் கட்டைவிரலுக்கு அது பழகிவிட்டது. மற்றவர்களுக்குப் பழக்கமில்லை. எதிர்வீட்டு நாகையா, திருப்பதி மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர், ஒருமுறை ரிமோட்டை வாங்கி நேராகச் சாக்கடையில் இறக்கினார். "வாத்யாரே, இது வண்டியில்ல, எங்க மாமியாரு. நான் ஒரு பக்கம் சொன்னா அது ஒரு பக்கம் போவுது" என்றார்.

விருது வாங்கி வந்த அன்று ஆதிநாராயணன் வண்டியை வேட்டியால் மூடிப் பரண்மேல் ஏற்றினார். இனித் தொடுவதில்லை. தரணி எங்கேயிருக்கிறாள் என்று விசாரித்து, ஒரு கடிதமெழுதி... கடிதத்தின் முதல் வரி சரியாக அமையவில்லை. ஆயுத பூஜையும் வந்துவிட்டது.

அந்த வீட்டு வழக்கப்படி ஆயுத பூஜையன்று வீட்டில் உள்ள எந்தக் கருவியும் விட்டுப்போகக்கூடாது. கடப்பாரை, அரிவாள், தையல் மிஷின், அவருடைய ஜியாமெட்ரி பெட்டி, மோட்டார் பம்ப், எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம். வண்டி என்றால் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கவேண்டும். அவர் குளித்துவிட்டு வெளியே வந்தபோது மான்ஸ்டர் டிரக் வாசலில் நின்றது. மூடியில் சந்தனம், ஏரியலில் சாமந்தி, நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம்.

"இத எதுக்கு எறக்கின?"

"வருஷா வருஷம் வெக்கிறதுதான? அவார்டு வாங்கின வருஷத்துல வுட்டா சாமி இன்னா நெனைக்கும்?" என்றாள் அம்சவேணி.

எடுத்து உள்ளே வைக்கலாம் என்று அவர் குனிந்தபோது தெருவில் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் தலை நரைத்த கங்கையா. கையில் சால்வையும் ஆப்பிள் கூடையும். பின்னால் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். அவளை அடையாளம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

"பாகுன்னாரா சார்? நல்லாக்கீறீங்களா? பேப்பர்ல போட்டோ பாத்தேன். பாப்பா பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில கீது. லீவுக்கு வந்திச்சி. எங்க சாருக்கு அவார்டு வந்துக்கீது, போயி கால்ல வுழுந்துட்டு வரலாம்னு இட்டாந்தேன்."

சால்வை போர்த்தினார். அம்சவேணி பொரியும் சுண்டலும் கொண்டுவந்தாள். நாகையா எதிர்வீட்டிலிருந்து மணம் பிடித்து வந்து சேர்ந்தார். கங்கையாவின் கண் வாசலுக்குப் போயிற்று.

"அட! இதே மாதிரி ஒண்ணு பாப்பாவுக்கு நானு எட்தாந்தேன் சார். அது கறுப்பு. கெணத்துல போட்டுட்டேன்னு கேசட்டுல பேசி அனுப்பிச்சிது. அந்தக் கோவத்துல நானு ரெண்டு வருஷம் இதுகூட சரியா பேசல. எவ்ளோ கெஞ்சி வாங்கனது தெரியுமா சார், அந்த ஊட்டுப் பையன்கிட்ட?"

"இது இவரோடதுங்க. எல்லாம் கையால செஞ்சாரு" என்றாள் அம்சவேணி, பெருமையாக.

ஆதிநாராயணன் சுண்டல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரணி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமும் மஞ்சளுமான தகரம், வேறு டயர், வேறு ஸ்பிரிங். தெரிய வாய்ப்பில்லை என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"ஓட்டலாமா சார்?"

"வேணாம்மா" என்று நாகையா முந்திக்கொண்டார். "அது யாரு பேச்சும் கேக்காது. பஸ்ஸு ஓட்டுன நானே சாக்கடையில எறக்கிட்டேன். அப்புறம் பூஜை வண்டி பொணமாயிடும்."

அவள் ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். ஏரியலை இழுத்தாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நேராகப் போனது. தெருக்கோடி மாரியம்மன் கோயில் வரை கோடு போட்டது மாதிரி போய், திரும்பி, அதே கோட்டில் வந்து அவள் காலடியில் நின்றது. அவள் வலது கட்டைவிரல் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருந்ததை ஆதிநாராயணன் பார்த்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் புதியவர்களுக்கு அது வராது.

"குவைத்து டிரைவர் பொண்ணுன்னா சும்மாவா!" என்று நாகையா கைதட்டினார்.

தரணி அவரைப் பார்க்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள். குரலில் கோபமுமில்லை, சிரிப்புமில்லை. பன்னிரண்டு வயதில் பேசிய அதே குரல்.

"இன்னும் எடது பக்கம் இழுக்குது சார்."

அந்த 'இன்னும்' வேறு யார் காதிலும் விழவில்லை. கங்கையா ஆப்பிள்களை அம்சவேணியிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாகையா சுண்டலில் தேங்காய் தேடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும்: இது உன்னுடைய வண்டிதான் தரணி, கிணற்றில் விழவில்லை, நான்தான் கொடுக்கவில்லை. கங்கையா அதைக் கேட்டால் போதும், மகளுடைய பழைய பொய் தீர்ந்துபோகும். வாய் வரை வந்தது. தோளில் சால்வை இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் புடிச்சிருந்தா வெச்சிக்கம்மா" என்றார். "என்னோட பரிசா இருக்கட்டும்."

அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். பெற்ற மகனைத் தொடவிடாத பொருள். கங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணா சார், எவ்ளோ பாடுபட்டு செஞ்சது, நீங்களே வெச்சிக்குங்க" என்றார். "சும்மாவா அவார்டு குடுத்தான்!" என்றார் நாகையா, வாயில் சுண்டலோடு.

தரணி வண்டியை இடது கையில் இடுக்கிக்கொண்டு, குனிந்து வலது கையால் அவர் காலைத் தொட்டாள்.

"தேங்க்ஸ் சார்."

அவர் அவள் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றார். கார் போனது. நசுங்கிய எலுமிச்சம்பழங்களை அம்சவேணி துடைப்பத்தால் ஒதுக்கினாள். "நீங்க பெரிய மனசுக்காரருங்க" என்றாள். அவர் மறுக்கவில்லை.

ஆதிநாராயணன் செய்தது இவ்வளவுதான்: ஒரு கூலிக்காரர் மகளிடமிருந்து அவளுடைய வண்டியைப் பிடுங்கினார், பதினான்கு வருஷம் ஓட்டினார், அதையே அவளுக்குப் பரிசு என்று கொடுத்து, நன்றியும் வாங்கிக்கொண்டார்.